பேய் மேல் பழி போடாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் மீன் மார்க்கெட்டுக்குப் போகிற பழக்கம் உங்களுக்கு உண்டா? அப்படியானால் இந்த வசனம் மனப்பாடமாக இருக்கும்.

''நண்டு என்னம்மா விலை?''

விலையைச் சொல்வார்.

''என்னம்மா இது, அநியாயமா இருக்கே?''

''வரத்து இல்ல சார்.''

அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. வரத்து ஏன் இல்லை என்று நாம் கேட்பதில்லை. அந்தம்மாவுக்கும் அதற்குமேல் சொல்ல நேரமில்லை. பேரம் பேசி ஒரு கிலோ வாங்கிக்கொண்டு வந்து, மிளகு தூக்கலாகப் போட்டு மசாலா வைத்துச் சாப்பிட்டுவிட்டு மதியம் ஒரு தூக்கம் போட்டுவிடுகிறோம். நானும் இத்தனை வருடம் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

தொண்டிக்குத் தெற்கே ஒரு கடற்கரையில் ஒரு அக்காவிடம் பேசிய பிறகுதான் அந்தக் கேள்வி என்னை உறுத்த ஆரம்பித்தது. வேறு வேலையாகப் போயிருந்தேன். காலை எட்டு மணி இருக்கும். நண்டு வலைகளைக் கரையில் பரப்பி வைத்து, பெண்கள் உட்கார்ந்து நண்டை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். லேசுப்பட்ட வேலை இல்லை அது. நண்டின் ஒவ்வொரு காலும் ஒவ்வொரு கண்ணியில் சிக்கியிருக்கும். இழுத்தால் கால் ஒடியும். கால் ஒடிந்தால் விலை போகாது. ஒரு அக்கா மட்டும் பாதி வலையோடு சும்மா உட்கார்ந்திருந்தார்.

''மிச்ச வலை எங்கக்கா?''

''கடல்ல கெடக்கு தம்பி. ராத்திரி போட் அறுத்துட்டுப் போயிருச்சு.''

''அது இனிமே என்ன ஆகும்?''

என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சொன்னார்: ''என்ன ஆகும்? அது பாட்டுக்குப் பிடிச்சுக்கிட்டுக் கெடக்கும். எடுக்கத்தான் ஆளு இல்ல.''

இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான்.

நண்டு வலை என்பது கடலின் அடியில், தரையை ஒட்டிச் சுவர் மாதிரி நிற்கிற வலை. கீழே கனத்துக்குக் குண்டு, மேலே மிதவை. சாயங்காலம் விரித்துவிட்டு வந்தால் காலையில் போய் எடுப்பார்கள். பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல். கடல்புல் நிறைய இருப்பதால் நீலக்கால் நண்டுக்குச் சொந்த ஊர் மாதிரி. அதை நம்பித்தான் நாட்டுப்படகுக்காரர்கள் நண்டு வலை விரிக்கிறார்கள். பிடிபடும் நண்டில் ஒரு பங்கு உங்கள் மார்க்கெட்டுக்கு வருகிறது. நல்ல பங்கு சதை பிரிக்கப்பட்டு, டப்பாவில் அடைக்கப்பட்டு அமெரிக்காவுக்குப் போகிறது. அந்தச் சதையைப் பிரித்தெடுக்கிற வேலையிலும் பெரும்பாலும் பெண்கள்தான்.

இப்போது அந்த வலையில் பாதி அறுந்து கடலிலேயே தங்கிவிட்டது என்று வையுங்கள். நைலானுக்குச் சம்பளம் வேண்டாம், சாப்பாடு வேண்டாம், லீவும் வேண்டாம். முதலில் மீன் மாட்டும். எடுக்க ஆள் இல்லாததால் செத்து அழுகும். அந்த வாசனைக்கு நண்டு வரும். செத்ததைத் தின்று கடலைச் சுத்தம் செய்வதுதானே அதன் பிழைப்பு! வந்த நண்டு மாட்டும். அது சாகும். அதைத் தின்ன அடுத்த நண்டு வரும். பிடிபட்டதே தூண்டில் இரையாகி அடுத்ததைக் கூப்பிடுகிறது.

ஒரு கால் சிக்கினால் அந்தக் காலை உதறிவிட்டுத் தப்பிக்கிற வித்தை நண்டுக்குத் தெரியும். அடுத்தடுத்து ஓடு கழற்றும்போது கால் திரும்பவும் முளைத்துவிடும். ஆனால் அது ஒரு கால் மாட்டும்போதுதான். உடம்பெல்லாம் தங்கூசி சுற்றிக்கொண்டால் எத்தனை காலைத்தான் உதறும்? பட்டினி கிடந்து சாகும், அல்லது அசையமுடியாமல் இன்னொன்றுக்கு இரையாகும். மாட்டியது வயிற்றுக்கடியில் முட்டையோடு இருக்கிற சினை நண்டாக இருந்தால், அதோடு போவது லட்சக்கணக்கான முட்டைகள்.

இதெல்லாம் கொஞ்ச நாள் கதைதான், வலை சுருண்டு பாசி படிந்துவிட்டால் மீன் மாட்டாது என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் அது மீனுக்குப் பொருந்துகிற அளவுக்கு நண்டுக்குப் பொருந்தவில்லை. பிரிட்டனில் வேல்ஸ் கடற்கரை ஓரமாக ஆராய்ச்சியாளர்கள் வேண்டுமென்றே வலைகளைக் கடலடியில் விட்டுவிட்டு என்ன நடக்கிறது என்று கவனித்தார்கள். 1996-ல் அதன் முடிவு வெளிவந்தது. முதலில் மீன்கள் மாட்டின. மீன் குறையக் குறைய, செத்த மீனைத் தின்ன வந்த நண்டு வகைகள் மாட்ட ஆரம்பித்தன. பல மாதங்கள் கழித்தும் வலை தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. மீன் நீந்திப் போகிற உயரத்தில் வலை நிற்கவில்லை, சரிந்துவிட்டது. ஆனால் நண்டு நடமாடுவதே தரையில்தானே? சரிந்த வலை அதற்கு இன்னும் வசதியான பொறி.

உலகம் முழுக்க இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். 'பேய் வலை.' ஆள் இல்லாமல் தானே மீன் பிடிப்பதால் பேய் பிடிக்கிறதாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு அந்தப் பெயரே பிடிக்கவில்லை. நம் ஊரில் பேய் என்று சொன்னால் என்ன அர்த்தம்? யாரும் பொறுப்பில்லை என்று அர்த்தம். பேய் மேல் எஃப்.ஐ.ஆர். போட முடியாது. பேய்க்கு நோட்டீஸ் அனுப்ப முடியாது. இந்த வலையைச் செய்தது ஒரு கம்பெனி. விற்றது ஒரு கடை. வாங்கியது ஒரு மனிதர். அறுத்தது ஒரு படகு. பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது ஒரு அரசாங்கம். இதில் பேய் எங்கே வந்தது?

இன்னொரு வசதியான பதிலும் தயாராக இருக்கிறது. ''இந்த மீனவர்களுக்குப் பொறுப்பே இல்லை சார். கிழிந்த வலையைக் கடலிலேயே போட்டுவிடுகிறார்கள். விழிப்பு உணர்வு வேண்டும்.'' உடனே ஒரு ஸ்பான்சர் பிடித்து, நூறு கல்லூரி மாணவர்களுக்குத் தொப்பியும் டி-ஷர்ட்டும் கொடுத்து, கடற்கரையில் குப்பை பொறுக்கவிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். பொறுக்கட்டும், நல்லதுதான். ஆனால் வலை கிடப்பது கடலடியில். அங்கே டி-ஷர்ட் போகாது.

ஒரு சாதாரணக் கேள்வி. தன் முதலைத் தானே கடலில் போட யாருக்காவது ஆசை இருக்குமா? வலை என்பது அந்த அக்காவின் முதல். பெரும்பாலும் கடன் வாங்கிப் போட்ட முதல். அது போய்விட்டால் அடுத்த வலைக்கு அடுத்த கடன். நல்ல வலையை வேண்டுமென்று யாரும் விடுவதில்லை. அறுத்துக்கொண்டு போனால்தான் விடுகிறார்கள்.

யார் அறுப்பது? இழுவைமடி போடும் விசைப்படகுகள். கடலின் தரையை வாரிக்கொண்டு போகிற மடிக்கு, தரையில் நிற்கிற நண்டு வலை ஒரு பொருட்டா? பாக் நீரிணைப் பக்கம் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு என்று முறை வைத்ததே இந்தச் சண்டையைத் தீர்க்கத்தான். அது 1970-களில் வந்த ஏற்பாடு. 1983-ல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டமும் வந்தது. கரையை ஒட்டி விசைப்படகு இழுக்கக் கூடாது என்று எல்லையும் போட்டார்கள். 2020 விதிகளில் அந்த எல்லை 3 கடல் மைலிலிருந்து 5 ஆனது. காகிதத்தில் எல்லாம் பிரமாதம். ராத்திரியில் கடல்மேல் கோடு தெரியாது என்பதுதான் பிரச்னை. தெரிந்தாலும் தாண்டுகிறவரைக் கேட்க ஆளில்லை என்பது அதைவிடப் பெரிய பிரச்னை.

இதில் நமக்குக் கசக்கிற ஒரு செய்தியையும் சொல்லித்தான் ஆகவேண்டும். யாழ்ப்பாணத்துக் கடலிலும் இதே நீலக்கால் நண்டுதான். அங்கேயும் சின்னப் படகுக்காரர்கள் வலை விரிக்கிறார்கள். எல்லை தாண்டிப் போகும் நம் இழுவைப் படகுகள் தங்கள் வலைகளை அறுத்துவிடுகின்றன என்று அந்தத் தமிழ் மீனவர்கள் வருடக்கணக்காகக் கதறுகிறார்கள். 2017-ல் இலங்கை இழுவைமடியையே சட்டம் போட்டுத் தடைசெய்தது. நம் மீனவர்களை இலங்கைக் கடற்படை பிடித்தால் நமக்குக் கோபம் வருகிறது. வரத்தான் வேண்டும். ஆனால் அங்கே அறுந்து கிடக்கும் வலைக்கும், அதில் சாகும் நண்டுக்கும், அதனால் அடுப்பு எரியாத வீட்டுக்கும் நாம் ஒரு வார்த்தை சொன்னதுண்டா? தொப்புள் கொடி உறவு என்று மேடையில் பேசினால் போதாது.

புயலும் அறுக்கும். 2018 நவம்பரில் கஜா வந்தபோது படகோடும் வலையோடும் போன குடும்பங்கள் எத்தனை! கப்பலும் அறுக்கும். இதையெல்லாம் 'தவறு' என்று யாரும் சொல்ல முடியாது. நஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும்.

நஷ்டம் என்ற வார்த்தை வந்துவிட்டது. நான் பி.காம். படித்தவன். நிருபர் வேலைக்கு அது உதவவில்லை என்று நண்பர்கள் கிண்டல் செய்வார்கள். இங்கே கொஞ்சம் உதவும். கணக்கியலில் முதல் பாடமே, எந்த வரவுக்கும் எந்தச் செலவுக்கும் பேரேட்டில் ஒரு பக்கம் இருக்கவேண்டும் என்பதுதான். கொச்சியில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் வருடா வருடம் கணக்கு வெளியிடுகிறது. எந்த மாநிலத்தில் எவ்வளவு மீன், எவ்வளவு இறால், எவ்வளவு நண்டு என்று நல்ல கணக்கு. ஆனால் அது கரைக்கு வந்த சரக்கின் கணக்கு. பிடிபட்டு, கரைக்கு வராமல், யாருடைய குழம்பிலும் கொதிக்காமல், யாருக்கும் ஒரு ரூபாய் தராமல் அழுகிய நண்டு அந்தக் கணக்கில் வராது. ஒரு கடைக்காரர் கல்லாவை மட்டும் எண்ணிவிட்டு, குடோனில் எலி தின்றதை எழுதாமல் விட்டால் அந்தக் கடை எத்தனை நாளைக்கு ஓடும்?

எலி எவ்வளவு தின்னும் என்று கேட்கிறீர்களா? 2022-ல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் பல நாட்டு மீனவர்களை நேரில் கேட்டு ஒரு கணக்கு போட்டார்கள். வருடத்துக்கு உலகக் கடல்களில் தொலைந்துபோகும் செவுள் வலை மட்டும் 2,963 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சியின் பரப்பு 426. கிட்டத்தட்ட ஏழு சென்னையை மூடுகிற வலை, ஒரே வருடத்தில்! நண்டுக் கூடு மாதிரியான பொறிகள் இரண்டரைக் கோடிக்கும் மேல். தொலைந்தது அத்தனையும் பிளாஸ்டிக், நைலான், கம்பி.

என் தாத்தா காலத்தில் வலை தொலையவில்லையா? தொலைந்தது. ஆனால் அப்போது வலை பருத்தி நூல், சணல். கடலில் கிடந்தால் கொஞ்ச காலத்தில் இற்றுப் போய்விடும். நைலான் வந்தது 1950-களின் கடைசியிலும் 60-களிலும். உழைத்தது, மீன் கூடக் கிடைத்தது, மீனவர்கள் பிழைத்தார்கள். அதைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் இற்றுப்போகாத பொருளை விற்கிறவர், அது வேண்டாதபோது என்ன செய்வது என்பதையும் சேர்த்து விற்கவேண்டும் என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை. இன்றைக்கும் தோன்றவில்லை என்பதுதான் கொடுமை. 2022-ல் மத்திய அரசு ஒரு நல்ல காரியம் செய்தது. பிளாஸ்டிக் உறை போட்டு விற்கிற கம்பெனிகள் அந்தக் குப்பைக்கும் பொறுப்பு என்று விதி கொண்டுவந்தது. பிஸ்கட் கவருக்குப் பொறுப்பு உண்டு. வலைக்கு? ஐரோப்பிய யூனியன் 2019-லேயே வலை செய்கிறவர்களையும் பொறுப்பாக்கிச் சட்டம் போட்டு, 2024 டிசம்பருக்குள் அமல்படுத்தச் சொன்னது. நாம் இன்னும் பிஸ்கட் கவரைத் தாண்டவில்லை.

''இதெல்லாம் நடக்கிற காரியமா சார்? கடலடியில் போய் யார் தேடுவது? அதற்கு எத்தனை கோடி செலவு?'' என்று கேட்பீர்கள். கேளுங்கள். பதில் இருக்கிறது.

அமெரிக்காவில் செசபீக் என்று ஒரு விரிகுடா. அங்கே பிடிபடுவது நீல நண்டு. நம் நண்டுக்குத் தூரத்துச் சொந்தம். அங்கே வலை இல்லை, கம்பிக் கூடு. 2008-ல் நண்டு வரத்து படுத்துவிட்டது. குளிர்காலத்தில் நண்டு வாருவதை வர்ஜீனியா மாநிலம் தடைசெய்தது. மீனவர்கள் வேலை இல்லாமல் நின்றார்கள். அரசாங்கம் என்ன செய்தது தெரியுமா? அந்த மீனவர்களையே கூப்பிட்டு, கடலடியைக் காட்டுகிற ஒலிக்கருவியைக் கையில் கொடுத்து, 'தொலைந்த கூடுகளைத் தேடி எடுங்கள், சம்பளம் தருகிறோம்' என்றது. ஆறு வருடத்தில் 34,408 கூடுகளை எடுத்தார்கள். செலவு 42 லட்சம் டாலர். அதனால் கூடுதலாகக் கிடைத்த நண்டு 13,504 டன், மதிப்பு 2 கோடியே 13 லட்சம் டாலர் என்று 2016-ல் ஆய்வாளர்கள் கணக்கிட்டுச் சொன்னார்கள். ஒரு ரூபாய் போட்டால் ஐந்து ரூபாய். எந்தச் சீட்டுக் கம்பெனியாவது இப்படிச் சொன்னால் போலீஸில் புகார் கொடுங்கள். ஆனால் கடல் தந்திருக்கிறது.

இதில் எனக்குப் பிடித்தது லாபம்கூட இல்லை. குற்றவாளி மாதிரி நிறுத்தப்படுகிற மீனவனையே வைத்தியனாக்கினார்கள் பாருங்கள், அது.

அலாஸ்காவில் இன்னொரு எளிய ஏற்பாடு. நண்டுக் கூட்டின் ஒரு பக்கத்தில் ஒரு திறப்பு வைத்து, அதைப் பருத்தி நூலால்தான் தைக்கவேண்டும் என்று சட்டம். கூடு தொலைந்துபோனால், கொஞ்ச நாளில் நூல் இற்று, கதவு திறந்து, நண்டு வெளியே போய்விடும். பருத்தி நூல்! கோயம்புத்தூரும் ராஜபாளையமும் இருக்கிற மாநிலத்துக்கு இதை அலாஸ்காவிலிருந்து சொல்லவேண்டியிருக்கிறது.

நமக்கு என்ன வேண்டும்? நான்கே விஷயம்தான்.

ஒன்று, ஆட்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. அந்த நாட்களில் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் நிவாரணம் தருகிறார்கள். அதில் கை வைக்காதீர்கள், அது அவர்கள் உரிமை. அதற்கு மேலே, விருப்பப்பட்டவர்களுக்குத் தினச்சம்பளம் கொடுத்து, தொலைந்த வலையை எடுக்கச் சொல்லுங்கள். கடல்புல்லைக் கொக்கி போட்டுக் கிழிக்காமல் எடுக்க நம்மிடம் ஆள் இருக்கிறது. ராமேஸ்வரம், கீழக்கரை, தூத்துக்குடிப் பக்கம் தலைமுறை தலைமுறையாகச் சங்கு குளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். கடல்பாசி எடுக்கிற பெண்கள் இருக்கிறார்கள். எந்தப் பாறையில் எது சிக்கிக் கிடக்கிறது என்பது அவர்களுக்கு அத்துப்படி. மன்னார் வளைகுடாப் பவளப்பாறைகளில் வலை சுற்றிக் கிடப்பதைத் தூத்துக்குடி ஆராய்ச்சியாளர்கள் முக்குளித்துப் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள். எங்கே தேடுவது என்று தெரியாது எனச் சாக்குச் சொல்ல முடியாது.

இரண்டு, சொல்வதற்கு ஓர் இடம். வலை தொலைந்தால் மீனவர் தயங்காமல் வந்து சொல்லவேண்டும். சொன்னால் அபராதம் என்று இருந்தால் யார் சொல்வார்? சொன்னவருக்கு நஷ்டத்தில் ஒரு பங்கு தாருங்கள். அறுத்த படகு எது என்று தெரிந்தால் அவரிடம் வசூலியுங்கள். வலையில் படகு எண்ணோடு அடையாளம் போடும் முறையை ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு 2018-லேயே வழிகாட்டு நெறியாகத் தந்துவிட்டது.

மூன்று, பழைய வலைக்கு விலை. சில இடங்களில் பழைய வலையை வாங்குகிற முயற்சிகள் ஆரம்பித்திருக்கின்றன. கேரளத்தில் 2017-ல் நீண்டகரைத் துறைமுகத்தில், மீனவர்கள் கடலிலிருந்து அள்ளி வரும் பிளாஸ்டிக்கை வாங்கி ரோடு போடக் கொடுத்தார்கள். நம் துறைமுகங்களில் மட்டும் நடந்தால் போதாது, படகு இழுத்து நிறுத்துகிற ஒவ்வொரு கடற்கரைக் கிராமத்திலும் இது வேண்டும். அந்தச் செலவு வலை செய்கிறவர் தலையில் விழவேண்டும், வாங்குகிறவர் தலையில் அல்ல.

நான்கு, கரையோர எல்லையில் இழுவைமடி கூடாது என்ற சட்டத்தை அமல்படுத்துங்கள். புதுச் சட்டம் கேட்கவில்லை. இருக்கிற சட்டத்தைத்தான் கேட்கிறோம். இது நடக்காமல் மற்ற மூன்றையும் செய்தால், ஒரு பக்கம் வலையை எடுக்க எடுக்க இன்னொரு பக்கம் அறுந்து விழுந்துகொண்டே இருக்கும்.

நண்டு குறைந்ததற்கு இது மட்டும்தான் காரணமா? இல்லை. குஞ்சு நண்டையும் சினை நண்டையும் சேர்த்து அள்ளுவதும் காரணம். அதை வாங்குகிற நாமும் காரணம். நண்டே சாப்பிடாதீர்கள் என்று நான் உபதேசம் செய்யப் போவதில்லை. எனக்கே அது முடியாது. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வயிற்றுக்கடியில் முட்டையோடு இருக்கிற நண்டை 'அதுதான் ருசி' என்று தேடி எடுக்காதீர்கள். உங்கள் தொகுதி எம்.எல்.ஏ. ஓட்டுக் கேட்டு வரும்போது, கடற்கரைத் தொகுதியாக இருந்தால், 'தொலைந்த வலைக்கு என்ன செய்தீர்கள்?' என்று ஒரு தடவை கேளுங்கள். அவர் முழிப்பார். அடுத்த தடவை யாரையாவது கேட்டுத் தெரிந்துகொண்டாவது வருவார்.

தொண்டி அக்கா அன்றைக்கு மிச்சமிருந்த பாதி வலையைச் சுருட்டி வைத்துவிட்டு எழுந்தார். நாளைக்கு என்ன செய்வீர்கள் என்றேன். ''வட்டிக்கு வாங்கித்தான் வல போடணும். அந்தா அங்கன கெடக்கே என் வல, அதுவும் இதுவும் ஒரே நண்டத்தான் பிடிக்கணும்'' என்றார்.

அவருக்குப் போட்டி வேறு யாருமில்லை, அவருடைய பழைய வலைதான். அவருக்கு அது தெரிந்திருக்கிறது. மீன்வளத் துறைக்கு எப்போது தெரியும்?